சாப்பிடாமலே ஏறும் சர்க்கரை: கல்லீரலும் அழுத்த ஹார்மோன்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேன்கனிக்கோட்டையில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து அமர்பவர்கள் ஊசி குத்தும் நேரத்தில் கேட்கும் கேள்விகளையும், முடிவுச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு கலக்கத்தோடு கேட்கும் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. சீட்டில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவது மட்டுமே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

இரவு ஏழு மணிக்குக் களி சாப்பிட்டதோடு சரி. அதன்பின் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எப்படி 178 காட்டுகிறது?

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, தோளில் கம்பளியும் கையில் அணைக்க மறந்த டார்ச் விளக்குமாக வந்த விவசாயி ஒருவர் கேட்ட கேள்வி இது. கேழ்வரகு முற்றும் அந்த மாதங்களில்தான் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். அவர் இரவு முழுவதும் பரணில் காவல் இருந்துவிட்டு, பனியில் நனைந்த கால்களோடு நேராகப் பரிசோதனைக்கு வந்திருந்தார். உடன் வந்த மனைவி, “பரண்ல வச்சு எதையோ தின்னிருக்காரு, கேளுங்க மேடம்” என்றார். “ஒரு உருண்டை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும்தான், அதுவும் ஏழு மணிக்கே” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பினேன். காரணம் இதுதான்.

உண்ட உணவின் மாவுச்சத்து நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் செரித்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரத்தத்தில் ஓடும் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் கல்லீரல் தருவது. சிறுநீரகங்களின் பங்கு சிறிது உண்டு. நம் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. 100 மில்லி லிட்டருக்கு 90 மில்லிகிராம் என்ற இயல்பான அளவில் கணக்கிட்டால், அந்த 5 லிட்டரிலும் சேர்த்து இருக்கும் சர்க்கரை நாலரை கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே மணிக்கு 5 கிராம் அளவுக்குச் செலவழிக்கிறது. ஆகவே நாம் உறங்கும்போதும் கல்லீரல் ஓயாமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்தாக வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது மணிக்கு 7 கிராம் அளவில் இருக்கும்.

இந்த வரத்து செலவுக்குச் சமமாக இருக்கும் வரை இரத்தச் சர்க்கரை நிலையாக நிற்கும். வரத்து சற்றே கூடினாலும் எண் ஏறிவிடும். சர்க்கரை இரத்தத்தில் மட்டும் நிற்பதில்லை. செல்களுக்கு வெளியே உள்ள நீர் முழுவதிலும், அதாவது சுமார் 12 லிட்டரில் பரவுகிறது. அந்தக் கணக்கில், செலவு போக 6 கிராம் மிஞ்சினாலே அளவு 50 புள்ளிகள் உயர்ந்துவிடும். அன்றிரவு ஒரு மணிக்கு நாய்கள் குரைத்ததையும், வரப்போரம் யானை நின்றதையும், விடியும் வரை தகரம் தட்டிக்கொண்டிருந்ததையும் அவர் பிறகு சொன்னார். அந்த நேரம் முழுவதும் அவருடைய கல்லீரலுக்குக் கூடுதலாக இறக்கும்படி ஆணை போய்க்கொண்டே இருந்திருக்கும்.

கல்லீரலில் சர்க்கரை எந்த வடிவில் இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது?

சர்க்கரையாகவே வைத்திருந்தால் அது தண்ணீரை இழுத்துச் செல்லை வீங்க வைத்துவிடும். எனவே கல்லீரல் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கிளைகிளையாகக் கோத்து, கிளைக்கோஜன் என்ற மாவுப் பொருளாக்கி வைக்கிறது. நன்றாக உண்ட பிறகு ஒன்றரை கிலோ எடையுள்ள கல்லீரலில் இது சுமார் 100 கிராம் இருக்கும். உணவே இல்லாமல் ஏறத்தாழ ஒரு நாள் கடந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கிளைக்கோஜன் கண்டறியப்பட்ட விதத்தை அறிந்துகொள்வது நல்லது. பிரான்சின் குளோத் பெர்னார் 1855இல், இறைச்சி மட்டுமே உண்ட நாயின் கல்லீரலை எடுத்து, அதன் இரத்தக் குழாய் வழியே தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரை சிறிதும் இல்லாதவரை கழுவினார். மறுநாள் பார்த்தபோது அதே கல்லீரலில் சர்க்கரை மீண்டும் நிறைந்திருந்தது. வெளியிலிருந்து எதுவும் வராதபோது, அது உள்ளேயே இருந்த ஒரு பொருளிலிருந்துதான் உண்டாகியிருக்க வேண்டும். அந்தப் பொருளை அவர் 1857இல் பிரித்தெடுத்தார். அதற்கு முன்பே, 1849இல், முயலின் மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தை ஊசியால் குத்தியபோது அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதை அவர் கண்டிருந்தார். நரம்பு மண்டலம் சொல்லும் சொல்லைக் கேட்டுச் சர்க்கரை ஏறும் என்பதற்கு அதுவே முதல் சான்று.

பயந்தது மனம், கல்லீரலுக்கு அது எப்படித் தெரிகிறது?

இரண்டு வழிகளில் செய்தி போகிறது. ஒன்று, மூளையிலிருந்து புறப்பட்டுக் கல்லீரலுக்கே நேராகச் செல்லும் பரிவு நரம்புகள். மற்றொன்று, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரத்தத்தில் விடும் அட்ரினலின். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது முன்னால் செல்லும் லாரி திடீரென்று தடுமாறுவதைக் கண்டால், பிரேக்கில் கால் வைக்கும் முன்னரே வாய் உலர்ந்து, நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்துவிடுகிறது அல்லவா? அதே நொடிகளில் கல்லீரலிலும் வேலை தொடங்கியிருக்கும்.

அட்ரினலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேலுறையில் உள்ள ஏற்பியைத் தொட்டுவிட்டு வெளியிலேயே நின்றுகொள்கிறது. அந்தத் தொடுகையால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது ஒரு நொதியை எழுப்ப, அந்த நொதி அடுத்ததை எழுப்ப, ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பெருகி, கடைசியில் கிளைக்கோஜனின் கிளை நுனிகளிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கழற்றும் பாஸ்பாரிலேஸ் நொதி விழித்துக்கொள்கிறது. அதே சமிக்ஞை, கிளைக்கோஜனைக் கட்டும் நொதியை நிறுத்தியும் வைக்கிறது. ஒரே ஆணையில் தானியக் குதிரின் வாய் திறக்கிறது. நிரப்புகிறவர்களின் கையும் கட்டப்படுகிறது. சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டறிந்த எர்ல் சதர்லண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைக் கண்டது கல்லீரலில் அட்ரினலினும், கணையம் சுரக்கும் குளூக்ககான் என்ற ஹார்மோனும் கிளைக்கோஜனை எப்படி உடைக்கின்றன என்று தேடியபோதுதான்.

அட்ரினலின் வேறிரண்டு வேலைகளையும் செய்கிறது. கணையம் இன்சுலின் சுரப்பதை அடக்குகிறது. குளூக்ககான் சுரப்பதைத் தூண்டுகிறது. கல்லீரலைக் கட்டுப்படுத்தும் கை தளர்ந்து, தூண்டும் கை வலுப்பெறுவதால் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்குகிறது.

ஓடாமல், உழைக்காமல், வெறும் பதற்றத்தால் மட்டும் இது நடக்குமா?

நடக்கும். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1911இல், நாய் குரைத்து மிரட்டிய பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார்; அட்ரினல் சுரப்பிகள் அகற்றப்பட்ட பூனைகளிடம் அது தோன்றவில்லை. பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்து அணியினர் 25 பேரை ஒரு முக்கியமான போட்டி முடிந்ததும் சோதித்தபோது 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐவர் களத்தில் இறங்காமல் ஓரத்தில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் சாரமே அந்த ஐவர்தான்.

தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு என்கிறார்களே?

உண்டு. கல்லீரலில் இருப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு அங்கே இருக்கிறது. ஆனால் குளுக்கோஸைச் செல்லுக்கு வெளியே விடுவதற்கான கடைசி நொதி தசையில் இல்லை. எனவே தசையின் சேமிப்பு அந்தத் தசைக்கே உரியது. ஒரு சுற்றுவழி மட்டும் உண்டு. கடும் உழைப்பிலும் அட்ரினலின் ஏற்றத்திலும் தசை வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தைக் கல்லீரல் வாங்கி, மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. இதைக் கண்டறிந்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர். கிளைக்கோஜன் ஆய்வுக்காக இருவருக்கும் 1947இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கார்ட்டிசால் என்பது என்ன? அதுவும் அட்ரினலின் போலத்தானா?

பிறப்பிடம் ஒன்றுதான்: அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அட்ரினலினும், புறப்பகுதியில் கார்ட்டிசாலும் உண்டாகின்றன. வேலை செய்யும் விதம் வேறு. அட்ரினலின் நொடிகளில் வேலை செய்து, ஆபத்து நீங்கியதும் விரைவில் அடங்கும். கார்ட்டிசால் செல்லுக்குள்ளேயே நுழைந்து, உட்கரு வரை சென்று, எந்தெந்த நொதிகளைக் கூடுதலாகச் செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அடங்கவும் அவ்வளவு நேரம் ஆகும்.

கார்ட்டிசாலின் ஆணைப்படி கல்லீரல், மாவுச்சத்தே இல்லாத பொருள்களிலிருந்து சர்க்கரையைப் புதிதாகச் செய்கிறது. மூலப்பொருளும் கார்ட்டிசாலின் ஏற்பாடுதான். தசையின் புரதத்தைக் கரைத்து அமினோ அமிலங்களை அனுப்ப வைக்கிறது. கொழுப்பிலிருந்து கிளிசரால் வருகிறது. இனிப்பே தொடாதவருக்கும் சர்க்கரை ஏறுவதும், நீண்ட நாள் நோயில் கை கால் தசைகள் மெலிந்துகொண்டே போக, சீட்டில் எண் மட்டும் குறையாமல் நிற்பதும் இதனால்தான். தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குக் கட்டுப்படுவதைக் கார்ட்டிசால் குறைத்துவிடுவதால், செய்த சர்க்கரை செலவாவதும் தடைப்படுகிறது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அழுத்த ஹார்மோன்கள் எல்லாமே கல்லீரலின் சேமிப்பைக் காலி செய்பவை என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். கார்ட்டிசால் சேமிப்பைக் கூட்டவும் செய்கிறது. அட்ரினல் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளைப் பட்டினி போட்டால் கல்லீரலில் கிளைக்கோஜன் மிகவும் குறைந்துபோவதும், சுரப்பியின் புறப்பகுதிச் சாற்றைக் கொடுத்தால் மீண்டும் சேர்வதும் 1940ஆம் ஆண்டளவிலேயே காட்டப்பட்டுவிட்டன. நம் ஊர் வழக்கில் சொன்னால், அட்ரினலின் குதிரின் வாயைத் திறந்து அள்ளிக் கொடுப்பது. கார்ட்டிசால் வீட்டின் வேறு பண்டங்களை விற்றாவது குதிரில் தானியத்தை நிரப்பி வைப்பது. இரண்டும் சேர்ந்து நாள்கணக்கில் நீடித்தால், அள்ள அள்ள நிரம்பும் குதிராகக் கல்லீரல் ஆகிவிடுகிறது. ஒரு நாள் பயத்தைவிட மாதக்கணக்கில் நீளும் அழுத்தம் சர்க்கரையைப் பிடிவாதமாக ஏற்றி வைப்பது இதனால்தான்.

சர்க்கரை நோய் இல்லாத என் தம்பியும் அதே பரணில்தான் இருந்தான். அவனுக்கு ஏன் இயல்பாக இருக்கிறது?

அவருக்கும் இரவில் சற்று ஏறியிருக்கும். ஆனால் ஆபத்து நீங்கியவுடன் அவருடைய கணையம் இன்சுலினை விட்டிருக்கும். கணையத்திலிருந்து வரும் இன்சுலின் முதலில் போய்ச் சேரும் இடமே கல்லீரல்தான். அதில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரலே எடுத்துக்கொள்கிறது. “போதும், இறக்குவதை நிறுத்து” என்ற ஆணை அங்கே உடனே செல்லுபடியாகும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் போதுமான அளவு வருவதில்லை, வருவதையும் கல்லீரல் சரியாகக் கேட்பதில்லை. கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்தவர்களிடம் இந்தச் செவிட்டுத்தனம் கூடுதலாக இருக்கும்.

யானையும் இல்லை, பயமும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் காலை அளவுதான் அதிகமாக இருக்கிறது. ஏன்?

கார்ட்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. நள்ளிரவில் மிகக் குறைந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழித்தெழும் வேளையில் உச்சத்தை அடைகிறது. இரவில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் துணை சேர்வதால், கோழி கூவும் நேரத்தில் கல்லீரல் தன் வரத்தைக் கூட்டுகிறது. எழுந்து வேலைக்குப் போவதற்கு உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இன்சுலின் குறைவாக உள்ளவருக்கு இதுவே காலை எண்ணாகத் தெரிகிறது.

ஓசூர் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்பவர்களுக்கு இந்தக் கடிகாரம் குழம்பிப்போகிறது. உடல் பகலென்று எண்ணும் நேரத்தில் அவர்கள் உறங்குகிறார்கள். இரவென்று எண்ணும் நேரத்தில் உண்கிறார்கள். தூக்கம் குறைந்தால் இன்சுலினின் பலன் குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. பரிசோதனைக்கு வரும்போது எந்த ஷிப்டு முடிந்து வருகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை.

சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால் இதே ஹார்மோன்கள்தான் காப்பாற்றுகின்றனவா?

ஆம். அளவு 70க்குக் கீழே இறங்கும்போது குளூக்ககானும் அட்ரினலினும் எழுந்து கல்லீரலைத் திறக்கின்றன. அப்போது வரும் நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் அட்ரினலின் தரும் எச்சரிக்கைகள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் சில பீட்டா தடுப்பு மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் தெரியும். சாராயம் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பவருக்கு ஆபத்து பெரிது. மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைத் தடுக்கிறது. சேமிப்பும் தீர்ந்திருந்தால் ஹார்மோன் ஆணையிட்டாலும் கொடுக்க ஒன்றும் இராது. இன்சுலின் அல்லது சில வகை மாத்திரை எடுப்பவர் அந்நிலையில் மயங்கிக் கிடந்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108ஐ அழைக்க வேண்டும்; வழியிருந்தால் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும்.

விபத்து, மாரடைப்பு, கடும் காய்ச்சல் ஆகியவற்றில் சேர்க்கப்பட்டவருக்குத் திடீரென்று சர்க்கரை நோய் என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காயமும் நோய்த்தொற்றும் உடலுக்குப் பேரழுத்தம். அட்ரினலின், கார்ட்டிசால், குளூக்ககான் மூன்றும் ஒரே நேரத்தில் உயர்வதால், முன்பு நோயே இல்லாதவருக்கும் 140ஐத் தாண்டி, சிலருக்கு 200ஐயும் தாண்டிப் போகும். எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை இங்கே உதவும். அது 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் நோய் முன்பே இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்; 5.7க்குக் கீழே இருந்தால் இப்போதைய ஏற்றம் பெரும்பாலும் அழுத்தத்தின் விளைவு. அப்படி ஏறியவர்கள் குணமான பிறகும் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல்.

ஒன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சலில் சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றில் உணவு இல்லாவிட்டாலும் கல்லீரல் அப்போதுதான் அதிகமாகச் சர்க்கரை செய்துகொண்டிருக்கிறது. நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையும் இதில் சேருமா?

சேரும். பிரெட்னிசோலோன், டெக்சாமெதாசோன் ஆகியவை கார்ட்டிசாலின் வேலையையே செய்பவை. காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் மதியத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்று அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே காலைப் பரிசோதனையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயர் தெரியாத பொடியும் உருண்டையும் வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து; சொந்தச் சுரப்பி உறங்கிப்போயிருக்கும்.

ஊசிக்குப் பயந்தாலே அளவு மாறிவிடுமா?

சிறிதளவு மாறலாம், 100 என்பது 180 ஆகிவிடாது. பஸ் பிடிக்க ஓடி வந்தவர்களைக் கால் மணி நேரம் அமரச் சொல்வது நல்ல வழக்கம். எங்கள் பக்கத்தில் நடக்கக்கூடிய பெரிய தவறு வேறு: எடுத்த இரத்தத்தைச் சாதாரணக் குழாயில் வெகுநேரம் வைத்தால், இரத்தச் செல்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைத்துவிடும். அதனால்தான் ஃபுளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறோம்.

கவலையே சர்க்கரை நோயை உண்டாக்குமா?

கவலை மட்டும் போதாது. பரம்பரை, இடுப்புச் சுற்றளவு, உழைப்பின்மை ஆகியவை தளத்தை அமைக்கின்றன. நீண்ட அழுத்தமும் கெட்ட தூக்கமும் அதன் மேல் சுமையை ஏற்றுகின்றன.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன?

மெட்ஃபார்மின் மாத்திரை முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை இறக்குவதையே குறைக்கிறது. “சாப்பிடவே இல்லையே, மாத்திரை எதற்கு” என்று விடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். உழைப்பு, தசையின் சேமிப்பைக் காலி செய்து இரத்தச் சர்க்கரைக்கு இடம் உண்டாக்குகிறது. தூக்கத்தை மருந்துக்கு நிகராக மதிக்க வேண்டும். காவல் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளும் அண்டை நிலத்தாருடனும் முறை வைத்துக்கொள்வது முடியாத காரியம் அல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சோதிக்கும் ஊழியரிடமும், முந்தைய இரவு எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லலாம்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எண் ஏறியவுடன் “திருட்டுத்தனமாகத் தின்றாய்” என்று குற்றம் சாட்டாதீர்கள். அந்த ஏச்சுக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே வராமல் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த விவசாயிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

அவருடைய சீட்டில் 178க்குப் பக்கத்தில் “இரவு முழுவதும் காவல், தூக்கம் இல்லை” என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் அன்றைக்கு மருந்தைக் கூட்டாமல், அறுவடை முடிந்து ஒரு வாரம் தூங்கிய பின் திரும்ப வரச் சொன்னார். தை பிறந்த பிறகு கதிரடித்து முடித்துவிட்டு, அதே கம்பளியோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். வெறும் வயிற்றில் 139 இருந்தது. அது இன்னும் சரியான அளவு அல்ல என்பதால் இரவு மெட்ஃபார்மின் சேர்க்கப்பட்டது. அந்த அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்போ அன்னிக்கு நீ ஒண்ணும் தின்னலையா” என்று அவரிடம் கேட்டார்.